உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலையில் பியானோ ஏறும், தப்பு இறங்கும்

பியானோ தந்திக்கருவியா, கொட்டுக்கருவியா? இரண்டும்தான். உள்ளே கிடப்பது எஃகுத் தந்தி. ஆனால் அதை யாரும் மீட்டுவதில்லை, வில்லால் இழுப்பதும் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு சுத்தியல் இருக்கிறது. மரத்தலையில் அழுத்திச் செய்த கம்பளி, அதாவது ஃபெல்ட், சுற்றிய சுத்தியல். கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. தப்பு என்னும் தோல்கொட்டை அடிப்பவர் கையில் இரண்டு குச்சி. பியானோக்காரர் விரலுக்கு 88 குச்சி.

✽

விரல் ஒரு கட்டையை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான் கீழே தள்ளுகிறது. அதற்குள் சுத்தியல் 45 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ந்துவிடும். வியப்பு அதில் இல்லை; கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் இருக்கிறது. தந்தியைத் தொடப்போகும் நேரத்தில் உள்ளிருக்கும் பொறி சுத்தியலைக் கைவிட்டுவிடுகிறது. மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, அடித்து, துள்ளித் திரும்புகிறது. தாழ்சுரத் தந்திகளில் இந்தத் தொடுதல் சில மில்லிவினாடி நீடிக்கும். உச்சக் கட்டைகளில் ஒரு மில்லிவினாடிகூட இல்லை.

இப்படிக் கைவிடாமல் போனால் என்ன ஆகும்? சுத்தியல் தந்தியிலேயே ஒட்டி நின்று, தான் எழுப்பிய ஒலியைத் தானே அமுக்கிவிடும். தப்பு அடிக்கும் எவருக்கும் இது தெரியும். குச்சியைத் தோலில் அழுத்தி வைத்தால் சத்தம் செத்துப்போகும். அடித்த குச்சி உடனே எழ வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. சுத்தியல் கைவிடப்பட்ட பிறகு அந்தச் சுரத்தின் மேல் வாசிப்பவருக்கு எந்தப் பிடியும் கிடையாது. கட்டையை எவ்வளவு உருக்கமாக அழுத்திக்கொண்டிருந்தாலும் ஒலி மாறாது. ஆசிரியர் “மெதுவாகத் தொடு” என்று சொல்வதன் முழுப்பொருளும் சுத்தியலை மெதுவாக எறி என்பதுதான். பிள்ளைகளுக்கு இதை முதல் வாரத்திலேயே மூடியைத் திறந்து காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பார்த்த பிள்ளையின் விரல் தானாகப் பக்குவப்படும்.

✽

இந்தப் பொறியைக் கண்டுபிடித்தவர் இத்தாலியின் படுவா நகரில் பிறந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. புளோரன்ஸில் மெதிச்சி அரச குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பார்த்துக்கொண்டவர். 1700-இல் எழுதப்பட்ட அந்தக் குடும்பத்துப் பொருள் பட்டியலில் அவர் செய்த புதுக்கருவி இடம்பெற்றிருக்கிறது. அவர் கைப்பட்ட பியானோக்களில் மூன்று இன்னும் இருக்கின்றன. 1720-இல் செய்தது நியூயார்க்கில், 1722-இல் செய்தது ரோமில், 1726-இல் செய்தது லைப்சிக்கில்.

✽

தந்தி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அவ்வளவு மெல்லிய கம்பியால் காற்றைத் தள்ள முடியாது. தந்திகள் ஒரு மரக்குதிரையின் மேல் அழுந்திக் கிடக்கின்றன, வீணையில் இருப்பதுபோல. அதிர்வு குதிரை வழியாக அடியிலுள்ள ஒலிப்பலகைக்கு இறங்குகிறது. ஸ்புரூஸ் மரத்தில் செய்த அந்தப் பெரிய பலகையின் கனம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அறை முழுவதும் கேட்பது அந்தப் பலகையின் குரல்.

பலகை தட்டையாக இருக்காது, நடுவில் மிக லேசாக மேடு தட்டியிருக்கும். அந்த மேடுதான் தந்திகளின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் கேமரன் மலையில் பியானோவுக்கு வரும் தொல்லை முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

✽

ஒரு பியானோவில் சுமார் 230 தந்திகள். ஒவ்வொன்றும் 70, 80 கிலோ இழுவிசையில் நிற்கிறது. மொத்தம் 15 முதல் 20 டன். மரச்சட்டத்தால் இதைத் தாங்க முடியாது. பாஸ்டன் நகரத்து ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-இல் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்து உரிமம் பெற்றார். இன்றைய பியானோ நாலு பேர் தூக்க முடியாத கனம் கனப்பதற்கு அந்த இரும்புதான் காரணம்.

✽

கேமரன் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் அளவெடுக்க வந்த இந்த மலையில், 1929-இல் ஜே.ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை 1933-இல் வந்தது. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வரை, காடழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். பகலில் இதமான குளிர், இரவில் 15 டிகிரி பக்கம், காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். தேயிலைக்கு இது வரம்.

பியானோவுக்கு ஏற்றது 40 முதல் 50 விழுக்காடு ஈரம். அந்த அளவில் மரத்துக்குள் நிற்கும் நீர் சுமார் 8 விழுக்காடு. 85, 90 விழுக்காட்டு ஈரக்காற்றில் அதே மரம் குடித்துக் குடித்து 18, 20 விழுக்காட்டுக்குப் போய்விடும். ஒலிப்பலகை ஊதுகிறது. ஓரங்கள் இறுக்கமாக ஒட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் விரிய இடமில்லை. நடுமேடு இன்னும் மேலே எழும்புகிறது. மேடு எழும்பினால் குதிரை தந்திகளைத் தள்ளும், தந்திகள் இறுகும், சுருதி ஏறும். நடுப்பகுதிக் கட்டைகளில்தான் ஏற்றம் அதிகம், தாழ்சுரங்களில் குறைவு. அதனால்தான் மழைக்காலம் முடியும்போது பியானோ முழுவதும் ஒரே சீராக ஏறியிருக்காது, தனக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்.

✽

இனி தப்பைப் பாருங்கள். அதே பனி, அதே ஈரம். விளைவு நேர் எதிர். தோல் ஈரத்தைக் குடித்தால் நெகிழ்ந்து தளரும். இழுவிசை குறையும், சுருதி இறங்கும், “டண்” என்று தெறிக்க வேண்டிய ஒலி “தொப்” என்று விழும்.

அதனால்தான் தப்புக்காரர்கள் முதலில் நெருப்பைத் தேடுகிறார்கள். காகிதமோ காய்ந்த சருகோ மூட்டி, எழும் சூட்டில் தப்பை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் கருகிவிடும். இடையிடையே விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார்கள். விளிம்பில் ஒரு சுண்டு, நடுவில் ஒரு சுண்டு. இரண்டும் திருப்தியானால்தான் ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறுகையில் நீண்ட சுண்டுக்குச்சியும் ஏறும். அளவுகோல், மானி எதுவும் இல்லாமல், தோலுக்குள் இருக்கும் ஈரத்தைக் காதாலேயே அளக்கும் கல்வி இது. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரின் வேலைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. இழவு வீட்டுக் கொட்டு என்று இதை ஒதுக்கியவர்கள் இழந்தது அதிகம்.

இப்போது பலர் செயற்கைத் தோல் போட்டுவிட்டார்கள். நெருப்பு வேண்டாம், மழைக்கும் அசையாது. ஆனால் சூடேறிய தோலின் கணீர் அதில் முழுதாக வருவதில்லை என்பதே என் காது சொல்வது.

✽

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக் கணக்கெடுப்புக்கு, ஆட்களை எழுப்பியது தப்புதான்.

✽

பச்சைத் தேயிலைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்திய தூளில் மிஞ்சுவது சுமார் 3 விழுக்காடு. அந்த மூன்று கூடினால் தூள் பூத்துப்போகும். பியானோ செய்யும் ஆலையிலும் முதல் வேலை மரத்தை உலர்த்துவதுதான். ஸ்புரூஸ் பலகையை நன்றாக உலர்த்திய பிறகே ஒட்டுகிறார்கள். தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், வேலை செய்தவருக்குப் பியானோவின் நோயை விளக்க அதிக நேரம் ஆகாது.

✽

ஐரோப்பியக் கம்பெனிகள் வெப்பமண்டல நாடுகளுக்கென்றே தனியாகப் பியானோ செய்து அனுப்பின. அந்நாளைய பசை விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது, புழுக்கத்தில் இளகிவிடும். ஆகவே பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணியாலும் மரத்தை இறுக்கினார்கள். யானைத்தந்தத் தகடு ஒட்டிய வெள்ளைக் கட்டைகளில் பொடி ஆணி வைத்தார்கள். பழைய பியானோ ஒன்றில் கட்டை நுனியில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது அழுக்கல்ல. அந்த ஆணிகளாக இருக்கலாம். சுரண்டிவிடாதீர்கள்.

✽

குளிரில் நாதசுரத்தின் சுருதி இறங்கும். 30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 15 டிகிரியில் 340. குழலுக்குள் காற்று மெதுவானால் சுரமும் தாழும். கணக்குப்படி கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. வாசிப்பவரின் மூச்சுச் சூடு உள்ளே நிறைந்துவிடுவதால் அவ்வளவு இறங்காது. இருந்தாலும் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் விடியலில் ஊதும் முதல் ஐந்து நிமிடமும், கோலாலம்பூரில் உச்சிவெயிலில் ஊதும் ஐந்து நிமிடமும் ஒன்றல்ல.

✽

அதே விடியலில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்துக் கோயில் மேளம் பக்கத்து லயத்து வீட்டில் அடிப்பதுபோல் கேட்பதுண்டு. இரவெல்லாம் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கியிருக்கும், மேலே சற்று வெதுவெதுப்பான காற்று. மேலே போகும் ஒலி அங்கே வளைந்து கீழே திரும்புகிறது. வெயில் ஏறியதும் இந்த அடுக்கு கலைந்துவிடும், மேளமும் தூரம் போய்விடும். ஈரக்காற்று இன்னொரு உதவியும் செய்கிறது: உலர்ந்த காற்றைவிட அது கீச்சொலிகளைக் குறைவாகவே விழுங்கும். தாளச் சத்தம் தெளிவாக வந்து சேர்வது இதனாலும்தான்.

✽

பியானோ சுத்தியலை ஆராய்ந்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு: சர் சி.வி. ராமன். திருச்சியில் 1888-இல் பிறந்து, கல்கத்தாவில் அரசு கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஒளிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றாரே, அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அவரைப் பிடித்து வைத்திருந்தது ஒலி.

சுத்தியல் தந்தியில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த இடத்தில் அடித்தால் எந்த மேற்சுரங்கள் எழும் என்பதற்கு ஜெர்மானியர் காஃப்மன் ஒரு கணக்கு வைத்திருந்தார். ராமனும் பானர்ஜி என்பவரும் சேர்ந்து அதை அலசி 1920-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நம் பாடநூல்கள் ராமன் விளைவோடு நின்றுவிடுகின்றன. இசை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அதே 1920-இல் ராமனும் சிவகாளி குமாரும் ‘நேச்சர்’ இதழில் இன்னொன்றையும் எழுதினார்கள். சாதாரணத் தோல் முகத்தின் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளில் வராது. அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று இசையாத எண்களில் விழும். தப்பில் ஆளை உலுக்கும் முழக்கம் இருந்தும் தெளிவான சுரம் இல்லாதது அதனால்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கருஞ்சோறோ, தோலின் கனத்தை நடுவில் கூட்டி, அந்த மேற்சுரங்களை இரண்டு, மூன்று, நான்கு என்ற முழு மடங்குகளுக்கு இழுத்து வந்துவிடுகிறது. தந்திக்கு இயல்பிலேயே உள்ள ஒழுங்கைத் தோலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். ராமன் மகிழ்ந்து எழுதிய விஷயம் இது.

✽

மலேசியத் தைப்பூசங்களில் காவடிக்கு முன்னால் போகும் உறுமி மேளத்தில், உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். குச்சி தோலைக் கவ்வி இழுக்கும், தாங்க முடியாமல் தோல் நழுவும், மறுபடி கவ்வும். வினாடிக்கு எத்தனையோ முறை நடக்கும் இந்தக் கவ்வலும் நழுவலும்தான் வயிற்றைக் கலக்கும் அந்த உறுமல். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வேலைதான். வில் போடும் தந்தியைப் பற்றி ராமன் 1918-இல் தனிநூல் அளவுக்கு எழுதியிருக்கிறார். உறுமியில் ஒலி நீளும், வளையும். பியானோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அடி விழுந்த நொடியிலிருந்து அதன் ஒலி தேய மட்டுமே செய்யும்.

✽

அதனால்தான் பியானோவில் கமகம் வருவதில்லை. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும். பியானோத் தந்தியை விரல் தொடுவதே இல்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே போக வழி கிடையாது. தோடி ராகத்தைப் பியானோவில் வாசித்தால் எலும்புகள் மட்டும் தெரியும். இது தெரிந்தே சென்னைப் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன், பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து கச்சேரி செய்கிறார். குழைவைக் குரல் பார்த்துக்கொள்ளும், பியானோ சுற்றிலும் சுரங்களை விரித்துக்கொடுக்கும். கருவியின் குறையைப் புரிந்துகொண்டு செய்த நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

✽

இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் இருவருக்கும் சென்னையில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவர் ஒருவரே: தன்ராஜ் மாஸ்டர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரியில் படித்த பியானோச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் உலகப் போட்டியில் வென்றபோது வயது 13.

✽

நடுக்கட்டைகளுக்கும் மேல்கட்டைகளுக்கும் ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள். மூன்றையும் ஒரு சுத்தியல் சேர்த்து அடிக்கிறது. சத்தம் கூட்டத்தான் என்று நினைப்போம். அது பாதிக் காரணம். முதலில் மூன்றும் ஒன்றாகப் பலகையைத் தள்ளும், ஒலி பலமாக எழுந்து வேகமாகக் குறையும். மூன்றின் சுருதியும் மயிரிழை வேறுபடுவதால் சிறிது நேரத்தில் கால் மாறிப்போகும். ஒன்று தள்ளும்போது ஒன்று இழுக்கும், பலகைக்குப் போகும் சக்தி குறையும், மிச்ச ஒலி நெடுநேரம் நிற்கும். கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலர் 1977-இல் இதை விளக்கினார். அதாவது மூன்று தந்தியையும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக்கிவிட்டால் பியானோவின் கார்வை குறைந்துவிடும். தேர்ந்த சுருதிக்காரர் எங்கே நிறுத்த வேண்டும் என்று காதால் அறிந்து நிறுத்துகிறார்.

✽

வீட்டிலோ பள்ளியிலோ தேவாலயத்திலோ பியானோ கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நடுவில் ஒரு கட்டையைச் சத்தம் வராதபடி மெல்ல அழுத்திப் பிடியுங்கள். அந்தத் தந்தியின் மேல் கிடக்கும் அடக்குத் துண்டு விலகிவிடும். இப்போது அதற்கு ஒரு ஸ்தாயி கீழுள்ள கட்டையைப் படாரென்று தட்டி உடனே எடுங்கள். தட்டிய ஒலி நின்ற பிறகு, யாரும் அடிக்காத மேல்தந்தி பாடிக்கொண்டிருக்கும். கீழ்ச்சுரத்துக்குள் மேல்சுரம் ஒளிந்திருப்பதை நேரில் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

✽

மலேசியாவில் ஜப்பானில் ஓடித் தேய்ந்த பழைய நிமிர்நிலைப் பியானோக்கள் நிறைய விற்கின்றன. மலையில் வைக்க வாங்குபவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். மேல்மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள்: தந்தியும் முறுக்காணியும் துருப்பிடித்திருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடலாம். அடுத்து, 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். சோம்பலாக எழும்பும் கட்டையில் அச்சாணியைச் சுற்றியுள்ள கம்பளி ஈரத்தில் ஊதியிருக்கும். இது சரிசெய்யக் கூடியது. மூன்றாவது, சுருதி சேர்ப்பவரை அழைத்துப் போய் முறுக்காணியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்தில் பிடிப்பில்லாமல் லேசாகச் சுழன்றால் எத்தனை முறை சேர்த்தாலும் நிற்காது.

வாங்கி வந்தால் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், இரவுக் குளிர் சுவரில் வேர்த்து முதுகுப்பலகைக்கு ஏறும். உள்ளே மிதமான சூடு தரும் மின்தண்டு பொருத்திக்கொள்ளலாம். கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். பக்கத்தில் ஒரு ஈரமானி தொங்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்க்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.